பழைய ரேடியோவுக்குப் புதுப் பின்மூடி: லேசர் வெட்டு உண்மையில் என்ன செய்கிறது?

வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் பழைய ரேடியோ வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "பாகம் கிடைக்கவில்லையா? லேசர் கட்டிங் கடையில் கொடுங்கள், அச்சு அசலாக வந்துவிடும்." பின்மூடி கேட்டாலும் இதே பதில்தான், டயல் கண்ணாடி கேட்டாலும், கையால் திருகும் குமிழ் உடைந்துபோனதைக் காட்டினாலும் இதே பதில்தான். உண்மையில் பின்மூடியை லேசர் அருமையாகச் செய்துவிடும். டயலில் பாதி வேலையைத்தான் செய்யும். குமிழை அதனால் செய்யவே முடியாது.

இந்த வேறுபாடு தெரியாமல் போனால் இழப்பது பணம் மட்டுமல்ல. அறுபது எழுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்த, பேகலைட் என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கில் செய்த அசல் முகப்பு ஒன்றில் புதுத் துளை போடலாம் என்று இயந்திரத்துக்குள் வைத்து, ஓரமெல்லாம் கருகி வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை. அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கணினி வரைகலையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பூதக்கண்ணாடியும் வெயிலும்

பள்ளி நாட்களில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தில் ஓட்டை போட்டிருப்போம். கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தினால் ஓர் உயரத்தில் வெளிச்ச வட்டம் கடுகளவுக்குச் சுருங்கும், காகிதம் புகையும். கண்ணாடியிலிருந்து அந்த இடம் வரை உள்ள இடைவெளிக்குக் குவியத் தூரம் என்று பெயர். அதற்கு மேலேயோ கீழேயோ போனால் வட்டம் விரிந்துவிடும், சூடு குறைந்துவிடும்.

லேசர் வெட்டும் இயந்திரத்தில் நடப்பதும் இதுதான். லேசர் என்பது ஒரே நிறத்தில், ஏறக்குறைய விரியாமல் ஒரே திசையில் செல்லும் ஒளி. அதை ஒரு வில்லை குவிக்கிறது. குவிந்த புள்ளி சுமார் 0.1 மி.மீ. அகலம்தான் இருக்கும். அந்தப் புள்ளி பட்ட இடத்தில் மரம் எரிந்து ஆவியாகிறது, அக்ரிலிக் உருகி ஆவியாகிறது. பக்கத்திலிருக்கும் குழாய் காற்றை வீசிப் புகையையும் தீப்பொறியையும் ஊதித் தள்ளுகிறது. வில்லையைத் தாங்கிய தலை இடமும் வலமும், முன்னும் பின்னுமாக நகர்ந்து, கணினி கொடுத்த கோட்டின் மேல் போய்க்கொண்டே இருக்கிறது. கோடு முடிந்து மூடிக்கொண்டால் துண்டு கழன்று விழுகிறது.

தலை தட்டையாகத்தான் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். தேய்த்த சப்பாத்தியை டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டலாம். அதே டம்ளரால் கொழுக்கட்டை பிடிக்க முடியாது. ரேடியோக் குமிழ் என்பது கொழுக்கட்டை. அதன் விளிம்பு வளைந்திருக்கும், பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், உள்ளே தண்டு நுழையக் குழி இருக்கும். அதற்கு அச்சில் வார்ப்பதுதான் சரியான வழி. முப்பரிமாண அச்சுப்பொறியும் உதவும். அது பொருளை அடுக்கடுக்காகச் சேர்த்து உருவாக்குவது. லேசர் அப்படிச் சேர்ப்பதில்லை, தகட்டிலிருந்து வெட்டி எடுக்க மட்டுமே செய்கிறது.

ஆகவே இதுவரை: லேசர் வெட்டு என்பது குவித்த சூட்டால் ஒரு கோட்டின் மேல் வெட்டுவது. தகடாக இருக்கும் பாகங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

சட்டையின் போட்டோவை வைத்துத் தைக்க முடியுமா?

பழைய பாகத்தைக் கடையில் கொடுத்தால் ஜெராக்ஸ் எடுப்பதுபோல எடுத்துத் தந்துவிடுவார்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். இயந்திரத்துக்குக் கண் கிடையாது. அதற்குத் தேவைப்படுவது ஒரு வரைபடம்.

தையற்காரரிடம் உங்களுக்குப் பிடித்த சட்டையின் போட்டோவைக் காட்டினால் நிறத்தையும் பாணியையும் புரிந்துகொள்வார். துணியை வெட்ட அவருக்கு அளவு வேண்டும், அல்லது அளவெடுத்து வெட்டிய காகிதம் வேண்டும். கணினியிலும் இதே இரண்டு வகை உண்டு. ஸ்கேனர் தருவது போட்டோ, அதாவது புள்ளிகளால் ஆன படம். லேசருக்கு வேண்டியது "இங்கே தொடங்கி இங்கே முடியும் கோடு, இங்கே மையம் கொண்ட வட்டம்" என்று எண்களால் சொல்லும் கோட்டு வரைபடம். முதலாவதைத் திரையில் விரித்து அதன்மேல் கோடு இழுத்துத்தான் இரண்டாவதை உருவாக்க வேண்டும். நேரம் பெரும்பாலும் இதில்தான் போகிறது. வெட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

என் முதல் பின்மூடியில் நடந்ததைச் சொல்கிறேன். மூடியின் அகலம் 420 மி.மீ. வரைபடம் சரியாகவே இருந்தது. ஆனால் வெட்டிக் கொடுத்த இடத்தில், கோப்பைத் திறக்கும்போது பக்கத்துக்குள் அடங்கும்படி மென்பொருள் தானாகவே மூன்று விழுக்காடு சுருக்கிவிட்டிருக்கிறது. வந்த பலகை 407 மி.மீ. பார்வைக்குக் குறையே தெரியவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தபோது ஒரு மூலைத் திருகைப் பொருத்தினால் எதிர் மூலைத் துளை ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

அதன் பிறகு ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் 100 மி.மீ. நீளமுள்ள ஒரு கோட்டைப் போட்டுவிடுகிறேன். அந்தக் கோட்டின் நீளம் என்ன காட்டுகிறது என்று கேட்காமல் வெட்டச் சொல்வதில்லை. ஸ்கேன் செய்யும்போதும் பாகத்தின் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துவிடுவேன். படத்திலேயே அளவுகோல் இருந்தால் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பழைய பாகத்தை மட்டும் அளந்தால் போதாது. பல ஆண்டுகள் ஈரம் குடித்த அட்டை நெளிந்திருக்கும், திருகுத் துளை இழுபட்டு முட்டை வடிவமாகியிருக்கும். பாகம் உட்காரும் இடத்தை, அதாவது மரப்பெட்டியின் பள்ளத்தையும் திருகுக் கட்டைகளின் இடைவெளியையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பெட்டிக்குள் கை வைக்கும் முன் மின்செருகியைக் கழற்றுங்கள். கழற்றிய பின்னும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டென்சர்களில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். பழகியவர் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்து, வெறுமையாக்கிய பிறகே உள்ளே அளவெடுக்கலாம்.

ரம்பம் தின்னும் அகலம்

தச்சரிடம் ஓரடிப் பலகையைக் கொடுத்துச் சரிபாதியாக அறுக்கச் சொன்னால் ஆறு ஆறு அங்குலம் கிடைக்காது. ரம்பப் பல்லின் அகலம் தூளாகப் போய்விடும். அளவு போடும்போதே அதற்கு இடம் விட்டுக் கோடு போடுவது தச்சரின் பழக்கம். லேசரும் இப்படித் தின்கிறது. அது தின்னும் அகலத்தை வெட்டுத்தடம் என்று சொல்வோம். பொருளையும் தடிமனையும் பொறுத்து 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும்.

இவ்வளவு சின்ன அளவுக்கு ஏன் கவலைப்பட வேண்டும்? அமெரிக்க, பிரிட்டிஷ் ரேடியோக்களில் குமிழ் மாட்டும் தண்டு பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. தண்டில் இறுக்கமாக உட்கார வேண்டிய ஒரு சக்கரத்துக்கு 6.35 மி.மீ. துளை என்று வரைந்தீர்கள் என வைத்துக்கொள்வோம். வெட்டுத்தடம் 0.2 மி.மீ. என்றால் ஒளி கோட்டின் நடுவில் ஓடி இருபுறமும் 0.1 தின்கிறது. வரும் துளை 6.55. சக்கரம் தண்டில் ஆடும். 6.15 என்று வரைந்தால்தான் 6.35 வரும். வெளி விளிம்புக்கு இது தலைகீழ். 50 மி.மீ. வட்டத் தட்டு 49.8 ஆகத்தான் வரும், ஆகவே 50.2 என்று வரைய வேண்டும்.

வெட்டுத்தடம் எவ்வளவு என்று கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பவேண்டாம். அதே பொருளில் 20 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டச் சொல்லி, துண்டைக் காலிப்பரால் அளந்துவிடுங்கள். 19.8 என்று வந்தால் தடம் 0.2. ஐந்து நிமிட வேலை.

சுருக்கமாக: இயந்திரம் தன் கோட்டில் துல்லியமாகத்தான் ஓடும். பாகம் பொருந்துமா என்பது நீங்கள் எடுத்த அளவையும், வெட்டுத்தடத்துக்கு விட்ட இடத்தையும் பொறுத்தது.

கண்ணுக்குத் தெளிவு, லேசருக்குக் கறுப்பு

பூதக்கண்ணாடி விளையாட்டுக்குத் திரும்புவோம். செய்தித்தாளில் வெள்ளைப் பகுதியைவிடக் கறுப்பு மை உள்ள இடம் சீக்கிரம் புகையும். மை ஒளியை உறிஞ்சுகிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது. எந்தப் பொருளை லேசர் வெட்டும் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது: அந்த ஒளியை எது உறிஞ்சுகிறதோ அதுதான் சூடாகும்.

பெயர்ப்பலகைக் கடைகளிலும், பூ வேலைப்பாடு வெட்டிய கல்யாணப் பத்திரிகை செய்யும் இடங்களிலும் இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது அது. அதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடப் பல மடங்கு நீளமானது. மரம், அட்டை, தோல், அக்ரிலிக் எல்லாம் இந்த ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. நம் கண்ணுக்குத் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும் அக்ரிலிக், இந்த லேசருக்குக் கரிக்கட்டை மாதிரி. வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன நீல லேசர் இயந்திரத்துக்கோ அதே அக்ரிலிக் வெறும் ஜன்னல் கண்ணாடி. ஒளி ஊடுருவிப் போய்விடும், வெட்டாது.

பளபளக்கும் பித்தளையும் அலுமினியமும் இந்த அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளுறுப்புகளைத் தாங்கும் சேசிஸ் தகடு, டயலைச் சுற்றிய பித்தளைச் சட்டம் போன்ற உலோகப் பாகங்களுக்கு ஃபைபர் லேசர் என்ற வேறு வகை வேண்டும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 1.07 மைக்ரோமீட்டர். அது தகடு வெட்டும் தொழிற்கூடங்களில்தான் இருக்கும், பெயர்ப்பலகைக் கடையில் கேட்டுப் பயனில்லை.

பின்மூடி: அழகுக்காக மட்டும் இருப்பதல்ல

லேசருக்கு மிகப் பொருத்தமான ரேடியோ பாகம் பின்மூடிதான். தகடாக இருக்கிறது, வெளி வடிவம் எளிது, ஆனால் நூற்றுக்கணக்கான காற்றுத் துளைகள் இருக்கும். கம்பி ரம்பத்தால் அவற்றைக் கையால் அறுப்பவருக்கு ஒரு வாரம் பிடிக்கும். லேசருக்குத் துளை பத்தா முந்நூறா என்பது பெரிய விஷயமில்லை.

பழைய மூடிகள் பெரும்பாலும் ஹார்டுபோர்டு அல்லது அழுத்திய அட்டை. மரநாரை வெப்பத்தில் அழுத்திச் செய்யும் ஹார்டுபோர்டு இன்றும் 3 மி.மீ. அளவில் கிடைக்கிறது. ஒரு முகம் வழவழப்பாகவும், மறுமுகம் சல்லடைத் துணி பதிந்ததுபோலச் சொரசொரப்பாகவும் இருக்கும். உங்கள் ரேடியோவில் எந்த முகம் வெளியே இருந்தது என்று பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப வரைபடத்தை வையுங்கள். இதில் பிசகினால் மின்கம்பித் துளை இடமிருக்க வேண்டியது வலமாகிவிடும். வெட்டிய ஓரம் கரும்பழுப்பாக இருக்கும், கையில் கரி ஒட்டும். மேலே காகித நாடா ஒட்டி வெட்டினால் முகத்தில் புகைக்கறை படியாது. பிளைவுட் எடுப்பதென்றால் நீர் தாங்கும் வகை வேண்டாம். அதன் பசை லேசருக்கு லேசில் வழிவிடாது, வெட்டு பாதியில் நின்று ஓரம் கரியாகும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமானது. பின்மூடி தூசியைத் தடுக்க மட்டும் வைத்ததில்லை. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்ட ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. உள்ளே இருக்கும் உலோகச் சேசிஸே வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். செருகி ஒரு பக்கமாக மாட்டப்பட்டால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். குழந்தையின் விரலுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர் பின்மூடிதான். அமெரிக்க ரேடியோக்கள் பலவற்றில் மின்கம்பியின் முனையையே பின்மூடியில் பொருத்தியிருப்பார்கள். மூடியைக் கழற்றினால் மின்சாரமும் துண்டிக்கப்பட்டுவிடும். அந்த ஏற்பாட்டின் துளைகளைப் புது மூடியில் போட மறக்கக் கூடாது.

அழகுக்காகக் காற்றுத் துளைகளை மாற்றவும் கூடாது. ஏசியை டிசியாக மாற்றித் தரும் வால்வும், ஸ்பீக்கரை இயக்கும் வால்வும் கை வைக்க முடியாத அளவு சுடும். அவற்றின் நேர்பின்னே துளைகள் நெருக்கமாக இருப்பது காரணத்தோடுதான். கீழ்வரிசையில் குளிர்காற்று நுழைந்து மேல்வரிசையில் சூடான காற்று வெளியேற வேண்டும். விரல் நுழையும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்குவதும் ஆபத்து. உள்ளே விளக்கெரிவது தெரியட்டும் என்று அக்ரிலிக்கில் பின்மூடி செய்பவர்களும் இருக்கிறார்கள். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும், தீப்பிடித்தால் நின்று எரியும். வால்வுக்குப் பின்னால் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

டயல்: வெட்டு லேசருடையது, எழுத்து வேறொருவருடையது

டயலைப் பார்க்கும்போது மனம் இளகாதவர் குறைவு. இந்தியாவில் விற்ற ரேடியோக்களின் டயலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக நிற்கும். சென்னை வானொலி 1938இலும் திருச்சி வானொலி 1939இலும் தொடங்கின. அந்தப் பெயர்களின் மேல் முள்ளை நகர்த்தித்தான் வீடுகள் செய்தியும் பாட்டும் கேட்டன. கண்ணாடி உடைந்தால் ஒரு பாகம் உடைந்ததுபோலத் தோன்றாது, ரேடியோவின் முகமே போனதுபோல இருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் கண்ணாடியை வெட்டாது. மேற்பரப்பில் நுண்விரிசல்களை உண்டாக்கி வெள்ளையாகக் கீறும், அவ்வளவுதான். ஆகவே மாற்று டயலை அக்ரிலிக்கில் செய்கிறார்கள். வெளி வடிவத்தை லேசர் வெட்டும். எழுத்துக்கு இரண்டு வழிகள். பல வண்ணம் இருந்தால் புற ஊதா ஒளியில் மை காயும் அச்சு இயந்திரத்தில் பின்பக்கமாக அச்சிடலாம். ஒரே வண்ண எழுத்தென்றால் அக்ரிலிக்கின் பின்முகத்தில் கறுப்பு பெயின்ட் அடித்து, காய்ந்தபின் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக லேசரால் சுரண்டி எடுத்து, அந்த இடைவெளியில் தந்த நிறத்தைப் பூசலாம். முன்னிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரியும், கை பட்டாலும் அழியாது.

டயலில் அளவு தவறினால் ரேடியோ பொய் சொல்லும். மத்திய அலை வரிசை 540 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை 200 மி.மீ. நீளத்தில் பரவியிருக்கிறது என்று கொள்வோம். சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். படம் இரண்டு விழுக்காடு சுருங்கினால் கடைசி முனையில் 4 மி.மீ. பிசகு, அதாவது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். இங்கே அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். ஆக, முள் இரண்டு நிலையம் தள்ளி நிற்கும். உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்து ஸ்கேன் செய்பவர்கள் விரிசல் இடைவெளிகளையும் சேர்த்து அளந்துவிடுவதால், இதற்கு நேர்மாறாக டயல் நீண்டுபோவதும் உண்டு.

சூட்டில் அக்ரிலிக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும். 300 மி.மீ. டயல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும். சட்டத்துக்குள் இறுக்கி வைத்தால் வில்லாக வளைந்து முள்ளில் உரசும். நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் இடம் விடுங்கள், திருகை அழுத்தி முறுக்காதீர்கள். டயல் விளக்கு அக்ரிலிக்கைத் தொடக் கூடாது.

தகடுகளை அடுக்கினால்

லேசர் தகட்டை மட்டும்தான் வெட்டும் என்றேன். ஆனால் வேறுவேறு அளவுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் சில பருமனான பாகங்களும் வந்துவிடும். டயல் முள்ளை இழுக்கும் நூலைச் சுற்றும் சக்கரம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு பெரிய வட்டங்களுக்கு நடுவே சற்றுச் சிறிய வட்டம் ஒன்றை வைத்து ஒட்டினால் விளிம்பில் பள்ளம் உண்டாகிறது. நூல் அதில் உட்காரும்.

நடு வட்டத்தின் அளவை யோசித்துப் போட வேண்டும். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டென்சர் பாதிச் சுற்றுத்தான் சுழலும். அந்தப் பாதிச் சுற்றில் முள் 200 மி.மீ. நகர வேண்டுமென்றால், சக்கரத்தின் முழுச் சுற்றளவு 400 மி.மீ., விட்டம் 127.3 மி.மீ. வெட்டுத்தடத்தை மறந்து விட்டம் 0.2 குறைந்தால் முள்ளின் பயணம் 0.3 மி.மீ. குறையும், அது கண்ணுக்குத் தெரியாது. விட்டத்தில் 2 மி.மீ. பிசகினால் 3 மி.மீ.க்கும் மேல் குறைந்து, டயலின் கோடியை முள் எட்டவே எட்டாது. கேங்கின் அடியில் இற்றுப்போன ரப்பர் வளையங்களையும் இப்படியே லேசருக்கென்று விற்கும் ரப்பர் தகட்டில் மூன்றடுக்காகச் செய்யலாம். குமிழுக்குப் பின்னால் வரும் ஃபெல்ட் வாஷர், ஸ்பீக்கர் விளிம்பின் அட்டை வளையம் போன்றவை ஒரே அடுக்கு வேலை. அவற்றைப் பின்மூடி வெட்டும்போதே மிச்சத் தகட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரத்துக்குள் வைக்கவே கூடாதவை

பி.வி.சி. முதலிடம். சுட்டால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். நுரையீரலைப் புண்ணாக்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும். கையடக்க ரேடியோ உறைகளின் ரெக்சினும், விளம்பரப் பலகைக்கு விற்கும் ஃபோம் ஷீட்டும் பெரும்பாலும் பி.வி.சி.தான். நியோப்ரீன் ரப்பரிலும் குளோரின் இருக்கிறது. பேகலைட் உருகாது, கருகி நச்சுப்புகை விடும். சூடான வால்வுக்கு மேலே பெட்டியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தாள் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதை வெட்டவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

முதல் முறை செய்பவர்கள் நல்ல பலகையில் நேராக இறங்காமல், அதே வரைபடத்தைச் சாதாரண அட்டையில் ஒருமுறை வெட்டிப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். துளையெல்லாம் பொருந்திய பிறகு ஹார்டுபோர்டுக்குப் போகலாம்.

வெட்டும்போதே மூடியின் உள்முகத்தில், வெளியே தெரியாதபடி, செய்த ஆண்டையும் "மாற்றுப் பாகம்" என்ற சொல்லையும் லேசராலேயே சின்னதாகப் பொறிக்கச் சொல்லிவிடுகிறேன். அடுத்து அந்த ரேடியோவைத் திறப்பவர் இதை அசல் என்று எண்ணிவிடக் கூடாது. நெளிந்த பழைய மூடியைத் துணியில் சுற்றி ரேடியோவுடனேயே வைத்திருக்கிறேன். நான் அளக்கத் தவறிய ஏதோ ஒன்று அதில் இன்னும் இருக்கக்கூடும்.